கோப்பு யாருடைய மேசையில் இருக்கிறது?
(அத்தியாயம் 5: இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் சொலிசிட்டரைத் தெரிவு செய்தல்)

ஊரில் காணி வாங்குபவர் நொத்தாரிசைத் தேடி அலைவதில்லை. அப்பாவின் உறுதியை எழுதியவரோ, அவரிடம் தொழில் பழகியவரோ பக்கத்துச் சந்தியில் இருப்பார். இலங்கையின் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாறும் உறுதியில் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கூட இருக்கக் கையெழுத்திட வேண்டும். அவர் முகத்தைப் பார்க்காமல் அங்கே ஒரு பரப்புக் காணிகூட வாங்க முடியாது. இங்கிலாந்தில் முடியும். தன் சொலிசிட்டரை ஒரு தரமும் நேரில் காணாமல், ஐந்து இலட்சம் பவுண்டுக்கு வீடு வாங்கியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஒரு குறையும் நேரவில்லை. சிலருக்கு நேர்ந்தது. இந்த அத்தியாயம் அந்தச் சிலரை மனதில் வைத்து எழுதியது.

முதலில் அவருடைய வேலை என்னவென்று பார்ப்போம். சொலிசிட்டர் வீட்டைப் பார்க்க வரமாட்டார். சுவரில் வெடிப்பு இருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்பது சேர்வேயரின் பொறுப்பு. சொலிசிட்டர் பார்ப்பது தாள்களை மட்டுமே. விற்பவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்று எச்.எம். லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பதிவில் பார்ப்பார். கவுன்சில், தண்ணீர் நிறுவனம், சுற்றுச்சூழல் ஆகியவை பற்றிய சேர்ச்சுகளை எடுப்பார். விற்பவரின் சொலிசிட்டரிடம் கேள்விகள் எழுப்புவார். கடன் தரும் வங்கிக்கு அறிக்கை தருவார். ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்வார்; இதைத்தான் எக்ஸ்சேஞ்ச் என்கிறோம். காசைக் கொடுத்து வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுவது கம்ப்ளீஷன். அதன் பிறகு 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டிக் கணக்கைச் சமர்ப்பித்து வரியைக் கட்டி, பதிவுக்கு அனுப்புவார். பெரும்பாலும் அவரே உங்கள் வங்கிக்கும் சட்டத்தரணி என்பதை மறக்கவேண்டாம். நீங்கள் அவரிடம் சொல்லும் சில விடயங்களை வங்கிக்குத் தெரிவிக்கும் கடமை அவருக்கு உண்டு.

அவர் வீட்டைப் பார்ப்பதில்லை என்பதால் ஒரு வேலை உங்கள் தலையில் விழுகிறது. பதிவோடு வரும் வரைபடத்தில் காணியின் எல்லையைச் சிவப்புக் கோட்டால் காட்டியிருப்பார்கள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்ப் பாருங்கள். வேலி அந்தக் கோட்டில்தான் நிற்கிறதா? பின்னால் உள்ள கராஜ் கோட்டுக்குள் இருக்கிறதா? இருந்தால் அதற்குப் போகும் ஒழுங்கை யாருடையது? இந்தப் படத்தைத் தானாகவே அனுப்பி, "போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்கும் சொலிசிட்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

வீட்டைக் கைமாற்றும் வேலையைச் சட்டப்படி செய்யக்கூடியவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். ஒருவர் சொலிசிட்டர், அவரைக் கண்காணிப்பது சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் ஒதொரிட்டி. மற்றவர் லைசென்ஸ்ட் கன்வேயன்சர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழில் அது, அவர்களுக்குத் தனிக் கவுன்சில் உண்டு. வீடு வாங்குவதற்கு இருவரும் போதும், ஒருவர் மற்றவருக்குக் குறைந்தவரல்லர். மணமுறிவு, மரணசாசனம், சகோதரர்களிடையே பங்குப் பிரச்சினை என்று வேறு சட்டச் சிக்கலும் சேர்ந்திருந்தால் சொலிசிட்டரிடம் போவது நல்லது. யாராக இருந்தாலும் பெயரைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இரண்டு அமைப்புகளின் இணையத்தளங்களிலும் இலவசமாகத் தேடலாம். விசா அலுவல் பார்க்க அனுமதி பெற்ற ஆலோசகர்கள் நம் கடைத்தெருக்களில் நிறையப் பேர் உண்டு. அந்த அனுமதி வீட்டு உறுதிக்குச் செல்லாது.

ஸ்கொட்லாந்தில் வழி முழுவதும் வேறு. அங்கே விலை கேட்கும் கடிதத்தையே சொலிசிட்டர்தான் அனுப்புகிறார். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும், வரி தவிர்ந்த மற்றவற்றில் பெரும்பாலும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

சொலிசிட்டரைத் தேடவேண்டிய நேரம், வீடு பார்க்கத் தொடங்கும் நேரம். விலை பேசி முடித்த பிறகு தேடினால் பிந்திவிடும். நீங்கள் கேட்ட விலைக்கு விற்பவர் சம்மதித்த அன்றே ஏஜன்ட் தொலைபேசியில் கேட்பார்: "உங்கள் சொலிசிட்டர் யார்?" பதில் இல்லாவிட்டால் உடனே ஒரு பெயரைச் சொல்வார். ஏஜன்ட் சொல்பவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் ஆளை அனுப்பியதற்காக ஏஜன்டுக்கு அங்கிருந்து ஒரு தொகை போகலாம். அப்படிப் போனால் அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னவரைத்தான் எடுக்கவேண்டும் என்று ஏஜன்ட் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. புது வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள் காட்டும் சொலிசிட்டருக்கும் இதே பேச்சுத்தான்.

என் முதல் வீட்டுக்கு ஏஜன்ட் சொன்ன நிறுவனத்தையே எடுத்தேன். அலுவலகம் நான் ஒருபோதும் போகாத ஒரு ஊரில் இருந்தது. பதினொரு வாரத்தில் மூன்று பேர் என் கோப்பைத் தொட்டார்கள். மாமியார் தந்த காசுக்கான அன்பளிப்புக் கடிதத்தை முதல் வாரமே முதலாமவருக்கு அனுப்பியிருந்தேன். எக்ஸ்சேஞ்சுக்கு இரண்டு நாள் முன்பு மூன்றாமவர் கேட்டார், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று. கடிதம் கோப்பில் இல்லை. மறுபடி கடிதம், மறுபடி மாமியாரின் வங்கிக் கணக்கு விவரம், மறுபடி வங்கிக்கு அறிவித்தல் என்று இன்னும் மூன்று வாரம் போனது. எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை விற்பவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். சேர்ச்சுக்கும் சேர்வேக்கும் கட்டிய காசும் போய்விட்டது. அந்த மூவரும் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். என் கோப்பு அவர்களில் எவருடைய கோப்பாகவும் இருக்கவில்லை.

ஆகவே உள்ளூர் சொலிசிட்டர் என்று நான் சொல்லும்போது தபால் குறியீட்டை நினைத்துச் சொல்லவில்லை. பெயர் தெரிந்த ஒருவர் கோப்பை முதல் நாள் தொடக்கம் சாவி கிடைக்கும் நாள்வரை தன் மேசையில் வைத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் நீங்கள் பஸ் ஏறிப் போய் அந்த மேசைக்கு முன்னால் உட்கார முடிய வேண்டும். தொலைவில் இருக்கும் பெரிய நிறுவனத்திலும் இப்படிப்பட்டவர் இருக்கலாம். பக்கத்துத் தெரு அலுவலகத்திலும் இல்லாமல் போகலாம். ஆனாலும் பக்கத்தில் தேடினால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

பக்கத்தில் இருப்பதால் வேறொரு நன்மையும் உண்டு. அது அந்தப் பகுதி பற்றிய அறிவு. ஹரோ, வெம்பிளி பக்கம் மெட்ரோபொலிட்டன் ரயில் பாதையை ஒட்டி 1920களிலும் 1930களிலும் எழுந்த வீடுகளைப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ட்ரைவ்வே. பாதி உங்களுடையது, பாதி பக்கத்து வீட்டாருடையது. அதில் காரை நிறுத்தலாமா, போய்வர மட்டும் உரிமையா? ஈஸ்ட் ஹாம் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் பின்புறம் நீட்டியிருப்பார்கள், லொஃப்டில் அறை எடுத்திருப்பார்கள். கட்டட ஒழுங்குவிதிச் சான்றிதழ் இருக்கிறதா? அந்தத் தெருக்களில் இருபது வருடம் வீடுகள் கைமாறுவதைப் பார்த்தவருக்கு எந்தக் கேள்வியை முதல் வாரமே கேட்கவேண்டும் என்று தெரியும். புதியவர் சேர்ச் முடிவு வந்து கிடைக்கும்வரை காத்திருப்பார்.

இதில் ஒரு எச்சரிக்கை. சான்றிதழ் இல்லாத லொஃப்டைப் பற்றிக் கவுன்சிலுக்கு நீங்களாகவே தொலைபேசி எடுத்துவிடாதீர்கள். அந்தக் குறைக்கு இழப்பீட்டுக் காப்புறுதி எடுப்பது வழக்கம். கவுன்சிலோடு ஒருமுறை பேசிவிட்டால் அந்தக் காப்புறுதி கிடைக்காமல் போகலாம். முதலில் சொலிசிட்டரைக் கேளுங்கள். காப்புறுதி இருப்பதால் லொஃப்ட் பாதுகாப்பானது என்றும் ஆகாது. அதைச் சேர்வேயர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

இருப்பது லண்டனில், வாங்குவது மில்டன் கீன்ஸில் என்றால் எந்த ஊர் ஆளை எடுப்பது? சாதாரண ஃப்ரீஹோல்ட் வீடு என்றால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவரை எடுங்கள். ஃப்ளாட் என்றால் அந்த ஊரில் ஃப்ளாட்டுகளைக் கையாண்டவரைத் தேடுங்கள். ஃப்ளாட்டுகள் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட். அது தனி உலகம்: லீஸில் எத்தனை வருடம் மிச்சம், கிரவுண்ட் ரென்ட் எப்படி ஏறுகிறது, சேர்விஸ் சார்ஜ் கணக்கு, பெரிய திருத்த வேலை வரப்போகிறதா என்று அத்தனையும் பார்க்கவேண்டும். 11 மீட்டர் உயரமோ ஐந்து மாடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டமும் சேர்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கத் தயங்கி, இப்படியான ஃப்ளாட்டுகளை எடுக்காத நிறுவனங்கள் உண்டு. காசு கட்டிய பிறகு இது தெரியவந்தால் வீண் அலைச்சல். கட்டடத்தின் உயரத்தை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள்.

அந்த முதல் அழைப்பில் என்ன கேட்பது? என் கோப்பை யார் பார்ப்பார், அவர் பெயர் என்ன, நேரடி எண் என்ன? அவர் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார்? நான் கடன் வாங்கும் வங்கியின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? இது மிக முக்கியம். பட்டியலில் இல்லாதவரை எடுத்தால் வங்கி தனக்கென்று வேறொரு சொலிசிட்டரை வைக்கும். அந்தச் செலவும் தாமதமும் உங்களுடையவை. லோ சொசைட்டியின் கன்வேயன்சிங் தரச் சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில வங்கிகள் அதை எதிர்பார்க்கின்றன. "எத்தனை வாரத்தில் முடிப்பீர்கள்?" என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. நேர்மையானவரால் அதற்கு உறுதி தர முடியாது, ஏனென்றால் பாதி வேலை மறுபக்கத்தில் நடக்கிறது. "என் மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில் வரும்?" என்று கேளுங்கள். அது அவர் கையில் இருக்கிறது. இன்னும் ஒன்று: கிழமை நாளொன்றில் பின்னேரம் நான்கு மணிக்கு அந்த அலுவலகத்துக்கு அழையுங்கள். மனிதர் எடுக்கிறாரா என்று பாருங்கள். ஒரு வாடிக்கையாளராக நீங்கள் நடத்தப்படப்போகும் விதம் அதில் ஓரளவு தெரிந்துவிடும்.

கட்டணம் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2018 டிசம்பர் தொடக்கம் வீடு வாங்கல் விற்றலுக்கான கட்டண விவரத்தைச் சொலிசிட்டர் நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்தில் போடவேண்டும். மூன்று இடத்தில் எழுத்தில் விலை கேளுங்கள். அவருடைய கூலி, அதன்மேல் 20 சதவீத வற் வரி, சேர்ச்சுக்கும் பதிவுக்கும் அவர் வெளியில் கட்டும் காசு என்று மூன்றையும் பிரித்து வாங்குங்கள். மலிவான விலைக்குப் பின்னால் துண்டுக் கட்டணங்கள் ஒளிந்திருக்கும்: லீஸ்ஹோல்டுக்கு ஒன்று, அன்பளிப்புக் காசுக்கு ஒன்று, லைஃப்டைம் ஐசாவுக்கு ஒன்று, வங்கி மாற்றுக்கு ஒன்று. உங்கள் நிலைமையை முழுக்கச் சொல்லி, எல்லாம் சேர்த்த தொகையைக் கேளுங்கள். "வீடு கைகூடாவிட்டால் கட்டணமில்லை" என்றால் அவருடைய கூலி மட்டும்தான் இல்லை; சேர்ச்சுக் காசு திரும்பாது.

இனி, நம் வீடுகளில் மட்டும் நடக்கும் விடயங்களுக்கு வருகிறேன். ஆங்கிலேயருக்காக எழுதிய வழிகாட்டிகளில் இவை இருக்காது.

முதலாவது, காசு வந்த வழி. 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி உங்கள் முற்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே ஆகவேண்டும். சம்பளத்தில் சேர்த்தால் வங்கிக் கணக்கு விவரம் போதும். ஆனால் நம்மவரின் முற்பணத்தில் சீட்டுக் காசு இருக்கும், தம்பியிடம் மாறிய கைமாற்று இருக்கும், ஊரில் விற்ற காணியின் பங்கு இருக்கும், அம்மாவின் நகை விற்ற காசு இருக்கும். இவற்றில் எதுவும் குற்றமல்ல. ஆனால் இருபதினாயிரம் பவுண்ட் ஒருநாள் திடீரென்று கணக்கில் வந்து விழுந்தால், சீட்டு என்றால் என்னவென்று அறியாத ஒருவர் அதைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். சீட்டு எப்போது தொடங்கியது, மாதம் எவ்வளவு கட்டினீர்கள், எந்த மாதம் எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி, கட்டிய தொகைகள் உங்கள் கணக்கிலிருந்து போனதைக் காட்டுங்கள். கையில் கட்டிய சீட்டு என்றால் முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லி, ஏற்பார்களா என்று கேளுங்கள். சிலர் ஏற்கமாட்டார்கள். அதை முதல் வாரம் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். கைமாற்றை அன்பளிப்பு என்று எழுதிக் கையெழுத்திடவே வேண்டாம். திருப்பிக் கொடுக்கவேண்டிய காசை அன்பளிப்பு என்பது வங்கிக்குச் சொல்லும் பொய்.

இரண்டாவது, ஊரில் இருக்கும் வீடு. இதுதான் பலரை விழுத்துகிறது. முதல் வீடு வாங்குவோருக்கான ஸ்டாம்ப் டியூட்டிச் சலுகை, உலகில் எங்குமே வீடு வைத்திராதவருக்குத்தான். யாழ்ப்பாணத்து வீட்டில் முதுசமாக வந்த ஒரு பங்கும் கணக்கில் வரும். சேர்ந்து வாங்குவோரில் ஒருவருக்கு இருந்தாலும் எல்லோருக்கும் சலுகை போய்விடும். அடுத்தது இன்னும் பெரியது. வேறு வீடு வைத்திருப்பவர் கட்டும் மேலதிக வரி 2024 ஒக்டோபர் 31 முதல் 5 சதவீதம். இங்கும் வெளிநாட்டு வீடு கணக்கில் சேரும், உங்கள் பங்கு 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் பெறுமதி என்றால். சேர்ந்து வாழும் கணவன் மனைவியைச் சட்டம் ஒன்றாகவே பார்க்கிறது. கணவர் தனியாக வாங்கினாலும், கொக்குவிலில் மனைவியின் பெயரில் இருக்கும் சீதன வீடு கணக்கில் வந்துவிடும்.

450,000 பவுண்ட் வீட்டை எடுங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, முதல் வீடு வாங்குபவர் கட்டுவது 7,500. அந்தச் சலுகை இல்லாதவர் கட்டுவது 12,500. மேலதிக வரியும் சேர்ந்தால் 35,000. இந்த இடைவெளியை எக்ஸ்சேஞ்சுக்கு முதல் நாள் அறிந்து அழுதவர்களை எனக்குத் தெரியும். மேலதிக வரியில், அண்மையில் முதுசமாக வந்த சிறு பங்குக்கு விலக்கு உண்டு. வெறும் தோட்டக் காணி வேறு, வீடு வேறு. இவற்றைப் பிரித்தறியவே ஆள் தேவை. "இலங்கையிலோ இந்தியாவிலோ உங்கள் பெயரில் வீடு இருக்கிறதா?" என்று சொலிசிட்டர் தானாகக் கேட்டால் அவர் நம் குடும்பங்களைக் கண்டவர். கேட்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் வரி ஆலோசனை தங்கள் பொறுப்பல்ல என்று கடிதத்தில் எழுதியிருக்கும். அப்படியென்றால் வரி ஆலோசகரிடம் தனியாகப் போங்கள். மறைப்பது பற்றி நினைக்கவே வேண்டாம், கணக்கில் கையெழுத்து உங்களுடையது.

மூன்றாவது, கூட இருக்கப்போகும் பெற்றோர். வீடு உங்கள் பெயரில், அப்பாவும் அம்மாவும் அதில் வசிக்கப்போகிறார்கள் என்றால், வங்கியின் உரிமைக்குத் தங்கள் உரிமை குறுக்கே நிற்காது என்று அவர்களிடம் கையெழுத்துக் கேட்பார்கள். அவர்கள் தம் காசையும் இந்த வீட்டில் போட்டிருந்தால் அது சிறிய கையெழுத்து அல்ல. கடன் கட்ட முடியாமல் போனால் அவர்கள் வெளியேற வேண்டும் என்பது அதன் பொருள். அதை அவர்களுடைய மொழியில், நீங்கள் அறைக்கு வெளியே இருக்க, வேறொரு சொலிசிட்டர் சொல்லிக்கொடுக்க வேண்டும். மகன் மொழிபெயர்த்துச் சொல்வது போதாது.

அண்ணன் தம்பி சேர்ந்து வாங்கினால் யார் எவ்வளவு போட்டது என்பதை ஒரு பத்திரமாக எழுதிவிடுங்கள். எழுதாமல் இருவரும் கூட்டு உரிமையாளராகவே இருந்தால், ஒருவர் இறக்கும்போது அவருடைய பங்கு மனைவி பிள்ளைகளுக்குப் போகாமல் மற்றவருக்கே போய்விடும். நல்ல சொலிசிட்டர் இதை முதல் மாதமே கேட்பார்.

"அண்ணை, எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், குறைச்சுச் செய்து தருவார்" என்று கோவில் வாசலில் யாராவது சொல்வார்கள். தமிழ்ச் சொலிசிட்டர்களில் மிகத் திறமையானவர்கள் இருக்கிறார்கள். சீட்டையும் சீதனத்தையும் விளக்காமலே புரிந்துகொள்வார்கள் என்பது பெரிய ஆறுதல். ஆனால் அவரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்: கோப்பு யாரிடம், வங்கிப் பட்டியலில் இருக்கிறாரா, அவருடைய நாளாந்த வேலை வீடுகளா விசாவா? உறவுக்காரர் என்றால் நான் தவிர்ப்பேன். பிழை நேர்ந்தால் முறைப்பாடு செய்யக் கை வராது. முறைப்பாடு முதலில் அந்த நிறுவனத்துக்கே போகவேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். சித்தப்பாவின் மகன்மேல் அந்தக் கடிதத்தை எழுதுவீர்களா?

எடுத்த ஆளை எழுத்தில் உறுதிப்படுத்திய பின் ஒருமுறை நேரில் போங்கள். கடவுச்சீட்டை மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றாலும் போங்கள். கோப்பைப் பார்ப்பவரின் கையால் அந்த அலுவலகத்தின் வங்கிக் கணக்கு விவரத்தைத் தாளில் வாங்குங்கள், அவருடைய நேரடி எண்ணையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு நாள், பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் நெருங்கும் வெள்ளிக்கிழமையில், "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது" என்று ஒரு மின்னஞ்சல் வரக்கூடும். அதே பெயர், அதே கையெழுத்து, அதே முத்திரை இருக்கும். மின்னஞ்சலைத் திருடிப் படித்தவர்கள் அனுப்புவது அது. வாழ்நாள் சேமிப்பு ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள். தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்து, நீங்கள் அறிந்த அந்தக் குரலிடம் கணக்கு எண்ணை முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். சரி என்றால் முதலில் ஒரு பவுண்ட் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததா என்று அவரிடமே கேட்ட பிறகு மிகுதியை அனுப்புங்கள்.